பாய்லர் முள்ளைத் தட்டாமல் நம்புவது எப்படி

திருவொற்றியூர்,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் செங்குட்டுவன் அவர்களுக்கு, தாமோதரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உங்கள் தங்கை ராமசெல்வியும் பிள்ளைகளும் நலம். நான் மட்டும் போன மாதம் ஒருமுறை வெடித்துச் செத்து, இப்போது தேறியிருக்கிறேன். அங்கே அக்காவும் நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மேட்டூரில் உங்கள் ஆலைக்கும் சிமுலேட்டர் பயிற்சி வருகிறதாம், அது என்ன ஏது என்று போனில் கேட்டீர்கள். போனில் சொன்னால் உங்கள் தங்கை பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துகிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

பெரிய விஷயம் ஒன்றும் இல்லை மச்சான். நம் பாய்லரைப் போலவே பொய்யாக ஒரு பாய்லரைத் திரையில் ஓடவிடுகிறார்கள். நிஜத்தில் வெடித்தால் விசாரணை வரும், இதில் வெடித்தால் மார்க் குறையும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் எங்கள் மேலிடம் ஒரு உத்தரவு போட்டது. பாய்லர் ஆப்பரேட்டர்கள் எல்லோரும் இதில் தேற வேண்டும், இரண்டு முறை தவறியவர் மெயின் கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுத வேண்டும். இத்தனை வருடம் நெருப்பைக் கட்டி மேய்த்துவிட்டுக் கடைசியில் லாரி நம்பரா? சொல்லிக்கொடுக்க வந்தவர் மதி என்று ஒரு இன்ஜினியர் மேடம். நல்ல பெண், குரலை உயர்த்தவே மாட்டார், அதனாலேயே பயம் அதிகம். ஆலை கட்டிய காலத்துத் தடிப் புத்தகம் ஒன்றை யாரோ அப்போதே தமிழில் பெயர்த்து வைத்திருக்கிறார்கள், அதை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். சிமுலேட்டர் செய்தவர்கள் எங்கள் ஆலைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம், அந்தப் புத்தகத்தைப் பார்த்தே செய்துவிட்டார்களாம். ஆகவே திரையில் இருக்கும் பாய்லரில் துரு இல்லை, ஒழுகல் இல்லை, கம்பி போட்டு இழுத்துக் கட்டிய குழாய் ஒன்றுகூட இல்லை. இப்படி ஒரு பாய்லரை எங்களில் யாரும் பார்த்ததில்லை என்பதால் முதல் நாள் முழுக்கச் சும்மா ரசித்துக்கொண்டிருந்தோம்.

வினை எங்கே வந்தது என்றால், எங்கள் கையில் வந்தது. இங்கே கடல் காற்று உங்களுக்குத் தெரியும். தண்ணீர் மட்டம் காட்டும் மீட்டரில் முள் உப்புப் பிடித்து அப்படியே ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டி, முள் அசைந்த பிறகுதான் அதை நம்புவோம். இங்கிருந்து எண்ணூர் வரை எந்த ஆலைக்குள் போனாலும் இந்த டொக் டொக் சத்தம் கேட்கும். தேர்வு அன்று திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன், மீட்டரில் தண்ணீர் பாதி என்றிருந்தது, என்னைக் கேட்காமலே கை போய் இரண்டு தட்டு தட்டிவிட்டது. அது தொடுதிரை மச்சான். அந்த இடத்தில் இரண்டு முறை தொட்டால் தண்ணீர் வால்வை மூடு என்று அர்த்தமாம். முள் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. ஒட்டியிருந்த முள் விட்டுவிட்டது என்று நான் வேறு சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வற்றி, ஸ்பீக்கரில் ஒரு வெடிச் சத்தம், திரை முழுக்கச் சிவப்பு, பணியாளர் உயிரிழப்பு ஆறு என்று எழுத்து வந்து நின்றது. கூட வேலை செய்யும் தண்டையார்பேட்டை ரஹீம் பின்னாலிருந்து, "மாமு, அந்த நேரத்துல நான் வெளிய டீ குடிச்சிகினு இருப்பேன். என்னிய ஏன் கணக்குல சேர்த்தே?" என்றான். மேடம் புத்தகத்தைத் திறந்து, "மீட்டரைப் பார்க்கணும்னுதான் சார் இதுல இருக்கு, தட்டணும்னு எங்கயும் இல்ல" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

வீட்டில் வந்து சொன்னால் உங்கள் தங்கை ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தது என் தப்பு. "நீ மீட்டர மட்டுமாய்யா தட்டுறே? ஊட்டுல ஃபிரிட்ஜ தட்டுறே, கேஸ் சிலிண்டர தட்டுறே. காசிமேட்டுல அந்தம்மா தராச தட்டி என் மானத்த வாங்குனியே, அது மறந்துபோச்சா?" என்றாள். மறக்கவில்லை. மீன்கார அம்மா சங்கரா மீனைத் தராசில் வைத்ததும் நான் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டேன். "இன்னா நைனா, என் தராசு பொய் சொல்லுதுன்றியா? அப்போ உன் கையாலயே நிறுத்து எடுத்துகினு போ" என்று அந்த அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்தில் நடந்த மீன் ஏலமே ஒரு நிமிடம் நின்றுவிட்டது. அன்றிலிருந்து ராமசெல்வியே எனக்கு வைத்தியம் ஆரம்பித்தாள். தினமும் காலையில் சுவர்க் கடிகாரத்துக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று மணி என்ன என்று நான் சொல்ல வேண்டும். கை முன்னால் வந்தால் காபி கிடையாது. இடையில் புத்தகத்தையும் மனப்பாடம் செய்தேன். 'முள் காட்டுவதே மெய் எனக் கொள்க' என்று அதில் ஒரு வரி உண்டு, குளிக்கும்போதுகூட அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் தேர்வில் தேறிவிட்டேன் மச்சான். கை முதுகை விட்டு அசையவில்லை. மேடமே எழுந்து நின்று சான்றிதழ் கொடுத்தார், நோட்டீஸ் போர்டில் என் படம் ஒட்டியிருக்கிறது. ரஹீம்தான் பாவம், இரண்டாம் முறையும் தட்டிவிட்டான், நாளையோடு அவனுக்கு பாய்லர் வேலை முடிகிறது. எவ்வளவோ சொன்னேன், "தட்டாம எப்டி மாமு நம்புறது?" என்கிறான். திருந்த மனமில்லாதவனை என்ன செய்வது? நீங்கள் அப்படி இருந்துவிடாதீர்கள். இன்றைக்கே கையைப் பின்னால் கட்டிப் பழகுங்கள், முள்ளை நம்புங்கள், புத்தகத்தை நம்புங்கள். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாகப் படித்து, பாய்லர் இல்லாத உத்தியோகத்துக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
தாமோதரன்

பின்குறிப்பு: இன்று புதன்கிழமை. கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நல்லதாகப் போயிற்று. திங்கள் காலை ஷிப்டில் முள் பாதியில் நின்றது. நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன், நம்பினேன். சொல்லிக்கொண்டு போகலாம் என்று டீயோடு வந்த ரஹீம், பேசிக்கொண்டே போகிற போக்கில் கண்ணாடியைத் தட்டினான். முள் தொப்பென்று அடியில் விழுந்தது. உள்ளே தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை. ஓடிப் போய் நெருப்பை அணைத்தோம். பயந்துவிட்டேன் மச்சான். நாங்கள் இருவரும் அதன் எதிரிலேயே நின்றிருந்தோம். விசாரணையில் ஏன் தட்டவில்லை என்று என்னைக் கேட்டார்கள், சான்றிதழைக் காட்டினேன். ஏன் தட்டினாய் என்று ரஹீமைக் கேட்டார்கள், "கை சும்மா கெடக்கல சார்" என்றான். மேடம் புது மீட்டர் வேண்டும் என்று எழுதிப் போட்டிருக்கிறார், வரும்போது வரும். சான்றிதழ் இல்லாததால் ரஹீமின் உத்தரவில் மாற்றம் இல்லை, நேற்று முதல் கேட்டில் லாரி நம்பர் எழுதுகிறான். என் கை பின்னால் போனது போனதுதான், முன்னால் வர மறுக்கிறது. அதனால் ஷிப்டு நடுவே அவனை டீ குடிக்கக் கூப்பிடுகிறேன், வந்து ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகிறான். மேலே நான் எழுதிய புத்திமதியை எல்லாம் அடித்துவிடுங்கள். உங்கள் ஆலையில் யார் தேறாமல் கேட்டுக்குப் போவார் என்று இப்போதே பார்த்துவைத்து, அவரோடு சிநேகமாக இருங்கள்.