பாதிவழிப் பள்ளிக்கூடத்தின் கோல் கீப்பர்

மெல்பர்னில் இருக்கிற இத்தனை ஆயிரம் தமிழர்களில், தான் படித்த பள்ளிக்கூடம் எல்லோரிடமும் தோற்றது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் ஒரே ஒருவர்தான். தராசு அங்கிள். மற்றவர்கள் வாங்கிய கோப்பைகளைப் பற்றிப் பேசுவார்கள். இவர் வாங்கிய கோல்களைப் பற்றிப் பேசுவார். வேறு ஏதோ பெயர் அவருக்கு இருந்தது; சம்பளச் சீட்டில் அச்சாகி வரும், யாரும் படித்ததில்லை.

மெல்பர்னின் ஓரத்தில் ட்ருகனினாவில், காற்றைத் தவிர யாரும் நடந்து போகாத ஒரு நீண்ட சாலையில் எங்கள் கிடங்கு. நான் மதுரைக்காரன், பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவன். அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். சாப்பாட்டு அறை மேசையின் ஒரு முனையில் யாழ்ப்பாணத்துச் சிவம் அண்ணன், மறுமுனையில் மன்னார்ப் பீற்றர் அண்ணன், நடுவில் தராசு. தினமும் ஒரே வழக்கு. அந்தக் காலத்துக் கால்பந்தில் பலம் எந்தப் பக்கம்? யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளா, மன்னார்க் கரைக் கல்லூரிகளா? அவர்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரி என்றுதான் பெயர்.

"எங்கட கடைசி ரீமைப் பாத்தாலே உங்கட சாம்பியன் பஸ் ஏறிடும்," என்பார் சிவம் அண்ணன்.

"நீங்கள் பூட்ஸ் போட்டு விளையாடினனீங்கள். நாங்கள் கடல் மணலிலை வெறுங்கால். பூட்ஸைக் கழட்டிப்போட்டுக் கதையும்," என்பார் பீற்றர் அண்ணன்.

சிக்கல் என்னவென்றால், இவர்கள் படித்த வருடங்களில் இரண்டு பக்கமும் நேருக்கு நேர் மோதவே இல்லை. சண்டைக் காலம். பாதை ஒரு நாள் திறக்கும், பத்து நாள் மூடும். யாழ்ப்பாணத்து அணிகள் தெற்கே பாதி தூரம் வரும், மன்னார் அணிகள் வடக்கே பாதி தூரம் வரும். அந்தப் பாதி தூரத்தில் ஒரு தகரக் கூரைப் பள்ளிக்கூடம், ஒரு பொட்டல் மைதானம், அதன் கோல் கம்பங்களுக்கு நடுவே நம்ம ஆள்.

"ரண்டு பக்கமும் வந்து எங்களைத்தான் அடிச்சவை, தம்பி," என்று எனக்கு விளக்கினார். "யாழ்ப்பாணத்தான் ஒன்பது அடிச்சான். மன்னாரான் எட்டு. அப்ப எங்களை வைச்சுத்தானே ரண்டையும் நிறுக்க வேணும்?"

நிறுத்தார். ஃபோர்க்லிஃப்ட் பாதுகாப்பு விதிகள் எழுதும் வெள்ளைப் பலகையில், விதிகளை அழித்துவிட்டு, தான் விட்ட கோல்களை வரிசையாக எழுதுவார். மழை பெய்த ஆட்டத்துக்கு அரை கோல் கழிவு. நடுவர் சொந்தக்காரர் என்றால் ஒரு கோல் கழிவு. வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணம் முன்னால் நிற்கும்; திங்கட்கிழமை அவருக்கு ஒரு மழை ஞாபகம் வரும், மன்னார் முந்திவிடும். ஒருமுறை சூப்பர்வைசர் வந்து 9, 8, 7 என்ற எண்களை உற்றுப் பார்த்துவிட்டு, சரக்குக் கணக்கு என்று நினைத்துக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அன்று முதல் தராசின் பட்டியலுக்கு நிர்வாக அங்கீகாரமும் உண்டு.

இந்த முறையை அவர் கால்பந்தோடு விடவில்லை. சிவம் வீட்டு நண்டுக் குழம்பா, பீற்றர் வீட்டு நண்டுக் குழம்பா என்று பேச்சு வந்தது. "ரண்டையும் சாப்பிட்ட ஒரு பொது ஆள் வேணும்," என்றார். என்னைப் பிடித்தார்கள். நான் சைவம் என்றேன்.

"அது இன்னும் நல்லது. பக்கச் சார்பு இல்லை."

சாப்பிட்டேன். அன்று போன சைவம் இன்னும் திரும்பி வரவில்லை.

பிறகு ஒரு வசந்தத்தில், பழைய மாணவர் சங்கங்களின் போட்டிக்கு பீற்றரின் மகள் ஷரோன் செயலாளரானாள். இந்த வழக்கை அப்பா வாயால் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள். இரண்டு வரியில் முடித்துவிட்டாள். "ஜஸ்ட் ப்ளே ஈச் அதர், அப்பா. மன்னார் லெவன், யாழ்ப்பாணம் லெவன். டன்."

பீற்றர் அண்ணன் இதை வந்து சொன்னதும் மேசை ஆரவாரித்தது. தராசு மட்டும் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு வெளியே போனார். பின்னாலேயே போனேன்.

"நல்ல விஷயம்தானே அங்கிள்?"

"ஓம், நல்ல விஷயம்." ஃபோர்க்லிஃப்டின் இருக்கையைக் கையால் துடைத்தார். "அவை நேரா விளையாடினால் பிறகு எங்களை ஏன் தம்பி கதைக்கப் போகினம்? கூரை போச்சு, சுவர் போச்சு, பதிவுப் புத்தகமும் எரிஞ்சு போச்சு. ஒஸ்ரேலியாவிலை அந்தப் பள்ளிக்கூடத்திலை படிச்சவன் நான் ஒருத்தன். இந்த மேசையிலை கதைக்கிற வரைக்கும்தான் அது இருக்கு."

மறுநாள் வெள்ளைப் பலகையில் பாதுகாப்பு விதிகள் திரும்பி வந்திருந்தன. அவ்வளவு சோகமான விதிகளை நான் படித்ததில்லை.

ஆட்டம் நடந்தது. யாழ்ப்பாணம் ஒரு கோல், மன்னார் பூச்சியம். நடுவர் சிவத்தின் மைத்துனர் என்று மன்னார் சொன்னது. மைத்துனர்தான், ஆனால் பேச்சுவார்த்தை இல்லாத மைத்துனர், ஆகவே இரண்டு கோல் சேர்க்க வேண்டும் என்று யாழ்ப்பாணம் சொன்னது. முன்பு மதியம் மட்டும் நடந்த வழக்கு இப்போது காலைத் தேநீருக்கும் பரவியது. ஒரு வாரம் தாங்கினார்கள். பிறகு சிவமும் பீற்றரும், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே பக்கமாக நடந்து, ஃபோர்க்லிஃப்டுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"உம்மட பள்ளிக்கூடத்தோடை ரண்டு பேரும் விளையாடினால்தான் இது சரிவரும்," என்றார் சிவம் அண்ணன்.

"என்னட்டை ரீம் இல்லையே."

"எத்தினை பேர் குறையுது?" என்றார் பீற்றர் அண்ணன்.

தராசு விரல் விட்டு எண்ணினார். "பத்து."

அந்தப் பத்தில் மூன்று பஞ்சாபிகள், இரண்டு வியட்நாம்காரர்கள், ஒரு சமோவாக்காரர், கிடங்கில் அகப்பட்ட இன்னும் மூவர், பிறகு நான். எனக்குக் கால்பந்து தெரியாது என்றேன். "எங்கட பள்ளிக்கூடத்திலை ஒருத்தருக்கும் தெரியாது," என்று லெஃப்ட் பேக் கொடுத்தார். ஷரோன் அட்டவணையில் பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதி ஒட்டினாள். அந்தத் தாளுக்கு முன்னால் அங்கிள் வெகுநேரம் நின்றார். தாள் காற்றில் படபடத்தது. ஒரு மூலையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார்.

இருபது இருபது நிமிட ஆட்டங்கள். யாழ்ப்பாணம் எங்களை ஏழுக்குப் பூச்சியம் அடித்தது. அடுத்த ஆட்டத்தில் மன்னார் ஆறு அடித்திருந்தது, கடைசி நிமிடம். ஆறோடு முடிந்தால் யாழ்ப்பாணம்தான் பலம் என்று தீர்ப்பாகிவிடும். பிறகு பேச ஒன்றுமில்லை. பீற்றர் அண்ணன் தன் தொப்பைக்கு முன்னால் ஒரு பந்தை உருட்டிக்கொண்டு வந்து, மூச்சு வாங்கி, ஒரு தட்டுத் தட்டினார். தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவது போல வந்தது அந்தப் பந்து. என் சைவ நாட்களில் நானே பிடித்திருப்பேன். தராசு குனிந்தார். பந்து அவர் கைக்குள் வந்தது. கைகள் மெல்ல விலகின.

ஏழுக்கு ஏழு.

"சரிசமன்," என்று மூச்சிரைக்கத் தீர்ப்புச் சொன்னார். "அடுத்த வருஷமும் எங்களோடைதான் விளையாடிப் பாக்க வேணும்." இரண்டு பக்கமும் நடுவரைத் திட்டிக்கொண்டே தலையாட்டியது.

காரில் வரும்போது கேட்டேன். "அது எப்படி அங்கிள் நழுவுச்சு?"

"பந்து ஈரம், தம்பி."

வெளியே வெயில் சுட்டுக்கொண்டிருந்தது. நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

அங்கே நிலைக்காமல் இப்போது சிட்னிக்கு வந்து கெல்லிவில்லில் இருக்கிறேன். போன மாதம் ஒரு பிறந்தநாள் விருந்தில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர், கையில் தட்டோடு, "தம்பி எந்தக் கல்லூரி?" என்று கேட்டார். மதுரை என்று சொல்ல வாயெடுத்தேன். நான் பார்த்தேயிராத அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயர்தான் வந்தது.

"ஓ, அதுவோ," என்றார் அவர். "நாங்கள் அங்கை ஒன்பது அடிச்சனாங்கள்."

"தெரியும் அங்கிள்," என்றேன். "அன்னிக்கு மழை."