கணபதி அண்ணனுக்குப் போட்ட ஊசி

மாத்தளை,
வியாழன் காலை.

அன்பின் சாலிஹ் மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கும் என் கூடப்பிறந்த ராத்தாவுக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தர வேண்டும். என் சுகத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். அது நன்றாக இல்லை.

இன்று விடிந்ததும் நான் செய்த முதல் வேலை, தோட்டத்துச் சந்தியில் கடை வைத்திருக்கும் கணபதி அண்ணனுக்குப் போனில் கோல் எடுத்து, "முட்டை இருக்கா?" என்று கேட்டது. முட்டைக்காக அல்ல. மனுஷன் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளத்தான். பன்னிரண்டு நாளாக இப்படிக் கேட்டு, கேட்ட வெட்கத்துக்கு வாங்கி, வீடு முழுக்க முட்டை. "என்னத்துக்கு இவ்வளவு முட்ட? கேக் கடை போடப் போறியா?" என்கிறார் அஸ்ஹர். கட்டிய கணவரிடமே காரணத்தைச் சொல்லவில்லை. உங்களிடம் போனில் சொல்லவும் வழியில்லை. ராத்தா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார்.

எங்கள் டிஸ்பென்சரியில் நோயாளிகள் தங்கள் மருந்து எழுதும் கொப்பியை மேசையில் அடுக்கித்தான் இடம் பிடிப்பார்கள். பன்னிரண்டு நாளுக்கு முன், அடுக்கில் மேலே இருந்தது கணபதி அண்ணனின் மனைவி வேலம்மா அக்காவின் கொப்பி. "அடுத்த ஆள்" என்றேன். மனைவிக்காக இடம் பிடித்திருந்த கணபதி அண்ணன் வந்து உட்கார்ந்தார். வெளியே சனம், உள்ளே டொக்டர் மணியடிக்கிறார், நான் பெயரைக் கேட்காமல் அக்காவுக்கு மாதாமாதம் போடும் பி12 ஊசியை அந்த மனுஷனுக்குப் போட்டுவிட்டு, கொப்பியிலும் குறித்துவிட்டு, அதன் பிறகுதான் மீசையைப் பார்த்தேன்.

"ஏன் அண்ணே சொல்லல?"

"மிஸ்ஸி கையக் காட்டச் சொன்னீங்க, காட்டினேன். படிச்சவங்களுக்குத் தெரியாததா?"

விட்டமின் ஊசி ஆளைக் கொல்லாது என்று இருபது வருடம் தாதியாக இருக்கும் எனக்குத் தெரியும். என் பயத்துக்குத்தான் தெரியவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் நீதிமன்றக் கடிதம் என்று நினைக்கிறேன். அவரோ தன் முழங்கால் வலி போய்விட்டதென்று ஊரெல்லாம் சொல்ல, அதே ஊசி கேட்டு மூன்று பேர் வந்துவிட்டார்கள். நேற்று வேலம்மா அக்காவும் வந்தார்.

"மிஸ்ஸி, இந்த மாசம் என் ஊசிய அவருக்கு மாத்திட்டீங்களாம். டொக்டர் ஐயா பாத்துத்தான் செஞ்சிருப்பாருன்னு சொல்றாரு. ஆனா என் காலு வெறச்சுக்கிட்டே இருக்குதுங்களே?"

"கேட்டுச் சொல்றேன் அக்கா" என்று உள்ளே ஓடிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

இதற்காகத்தான் மச்சான், தாதிமாருக்கான அந்தத் தொழில் பொறுப்புக் காப்புறுதிப் படிவத்தை, காப்புறுதி ஏஜென்டான உங்களிடம் கேட்டு வாங்கினேன். 'இதுவரை தவறு ஏதும் நேர்ந்ததா?' என்ற இடத்தில், "இல்லைன்னு போடு புள்ள, எல்லாரும் அப்படித்தான்" என்றீர்கள். போட்டிருக்கிறேன். தயவுசெய்து தாமதிக்காமல் சுருக்காகப் பாலிசியை எடுத்துத் தாருங்கள். ராத்தாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். துஆவில் என்னை மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஹிதாயா

பி.கு.: உறையை ஒட்டும் முன் படிவத்தின் பின்பக்கத்தைப் படித்தேன். செய்த தவறை நானாக யாரிடமும் ஒப்புக்கொள்ளக் கூடாதாம். அப்படியானால் அந்த அக்காவின் கால்? 'இல்லை'யை வெட்டி 'ஆம்' என்று எழுதிவிட்டேன். பாலிசி கிடைக்காவிட்டால் கிடைக்காமல் போகட்டும். வேலைக்குப் போகும் வழியில் சந்தியில் இறங்கி, இருவரிடமும் நடந்ததைச் சொல்லி, அக்காவைக் கையோடு டொக்டரிடம் கூட்டிப்போகப் போகிறேன். அஸ்ஹருக்கும் இது தெரியாது. கணபதி அண்ணன் இன்றும் பத்து முட்டை எடுத்து வைத்திருப்பார். அது வேண்டாம் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.