பிராக் அண்ணருக்கு நான் சொன்ன சாட்சி

பிராக் நகரத்தில் பிறந்து வளர்ந்தவர்களைவிட அந்த நகரத்தை நன்றாக அறிந்த ஒரு மனிதர் கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கிறார். பெரிய பாலத்தில் எத்தனை சிலை, எந்தச் சிலைக்குப் பக்கத்தில் எந்தச் சிலை, எந்தத் தெருவில் எந்தப் பேய் என்று நித்திரையில் தட்டிக் கேட்டாலும் சொல்வார். மேற்குத் திசையில் அவர் போன ஆகக்கூடிய தூரம் மரீன் டிரைவ். அதற்கப்பால் கடல்.

அவரைப் பிராக் அண்ணர் என்போம். சொந்தப் பெயர் தபால்காரருக்குத்தான் தெரியும். அவருக்கு நான் ஒரு பிழை செய்தேன். எனக்கு எழுபத்துநான்கு வயதாகிறது. இனியும் அதை மூடி வைத்திருப்பதில் பயனில்லை.

அண்ணர் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு வழக்கறிஞரிடம் நாற்பது வருடம் கிளார்க்காக இருந்தவர். சாட்சிகள் சொல்வதைக் கேட்டுச் சத்தியக்கடதாசி எழுதுவது வேலை. "சாட்சி 'மாடு' எண்டால் நான் 'மாடு' எண்டுதான் எழுதுவன். 'பசு' எண்டுகூட எழுத மாட்டன்" என்பார். நாற்பது வருடத்தில் ஒரு சொல்லைக்கூடப் பிழையாக எழுதியதில்லை என்பது அவருடைய பெருமை. வேறு பெருமை எதையும் அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஓய்வு பெற்றபின் காலி வீதியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையின் மூலையில் மேசை போட்டு, ஐரோப்பிய விசாவுக்கு விண்ணப்பிக்கும் சனத்துக்குப் பயணத் திட்டம் எழுதிக் கொடுக்கத் தொடங்கினார். எந்த நாள் எங்கே நிற்போம், எதைப் பார்ப்போம் என்று தூதரகத்துக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் ஐரோப்பாவில் பார்ப்பது இரண்டைத்தான். ஒன்று கல்யாண மண்டபம். மற்றது பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு நடக்கும் மண்டபம். சில ஊர்களில் இரண்டும் ஒரே மண்டபம். அதை எழுதிக் கொடுத்தால் அழகாக இராது அல்லவா?

அண்ணரிடம் இருந்ததோ ஒரேயொரு வழிகாட்டிப் புத்தகம். புறக்கோட்டை நடைபாதையில் எடுத்தது, பிராக் நகரத்தைப் பற்றியது. ஆகவே நீங்கள் சூரிச்சுக்குப் போனாலும் சரி, ஒஸ்லோவுக்குப் போனாலும் சரி, அண்ணர் எழுதும் திட்டத்தில் மூன்று நாள் பிராக்கில்தான் நிற்பீர்கள்.

அதோடு விடமாட்டார். திரும்பி வந்ததும் விசாரணை நடக்கும்.

"அக்கா, பிராக்கில என்ன கண்டனீங்கள்?"

"பிராக்கிலயோ? தங்கச்சியின்ர மருமகளைத்தான் கண்டனான், தம்பி. நல்லா மெலிஞ்சு போனாள்."

"மருமகள் சூரிச்சில எல்லோ?"

"ஓம், சூரிச்சிலதான்."

"அப்ப எட்டாந் திகதி எங்க நிண்டனீங்கள்? பாலத்தில நிக்கிறதா நான் எழுதித் தந்தனான்."

"எட்டாந் திகதி கல்யாணத்துக்குப் பலகாரச் சூடு."

அண்ணர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். தான் எழுதியது பொய்யாகப் போவதை அவரால் தாங்க முடியாது. மற்றவர்கள் சும்மா ஒரு கடதாசி என்று நினைத்ததை அவர் வாக்குமூலம் என்று நினைத்தார்.

ஒரேயோர் அம்மா மட்டும் மெய்யாகவே போனார். மகன் காரில் கொண்டுபோய்க் கோட்டையைக் காட்டிவிட்டுப் பாலத்தடிக்குக் கூட்டிவந்திருக்கிறான். அம்மா மறுத்துவிட்டார். காரணம் அண்ணர்தான். அந்தப் பாலம் கட்டும்போது சாந்து இறுக வேண்டுமென்று ஊர் ஊராக முட்டை சேர்த்துக் கலந்தார்கள் என்றும், ஓர் ஊர்க்காரர் வழியில் உடைந்துவிடும் என்று பயந்து முட்டைகளை அவித்தே அனுப்பினார்கள் என்றும் ஒரு கதை உண்டு. அதை அண்ணர் ரசித்து ரசித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா போனதோ கந்தசஷ்டி விரத நாளில்.

"விரதத்தில முட்டை, மச்சம் மிதிச்சு நடக்கச் சொல்லுறியளோ?" என்று திரும்பி வந்து சண்டை பிடித்தார். அண்ணர் கோயிலுக்குப் போய் ஐயரிடம் முறையாக விளக்கம் கேட்டார். ஐயர் நெடுநேரம் யோசித்து, "செருப்புப் போட்டிருந்தால் தோஷமில்லை" என்றார்.

இதனால் அண்ணருக்குப் பெரிய நட்டம். நகரசபைக் கோபுரத்தில் இருக்கும் பழைய மணிக்கூடு பாலத்துக்கு அந்தப் பக்கம். அவருக்கு வேண்டியிருந்ததே மணிக்கூடுதான். அதைச் செய்தவர் வேறெங்கும் இன்னொன்று செய்துவிடக் கூடாதென்று நகரசபையார் அவருடைய கண்ணைக் குத்திவிட்டார்கள் என்பது கதை. "நகரசபை எண்டால் எங்கயும் ஒண்டுதான்" என்பார் அண்ணர். மணித்தியாலத்துக்கு ஒருமுறை எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், யன்னல்கள் திறக்கும், இயேசுவின் பன்னிரண்டு சீடர்களும் வரிசையாக வந்து போவார்கள், அதன் பிறகு... அதன் பிறகு என்ன என்பது அவருடைய புத்தகத்தில் இல்லை. அந்தத் தாளைக் கிழித்துப் புறக்கோட்டையில் யாரோ கச்சான் கடலை சுற்றியிருக்க வேண்டும்.

"போனில பாக்கலாமே அண்ணை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"போன் சாட்சிக் கூட்டில ஏறுமோ, எஞ்சினியர்? குறுக்கு விசாரணை செய்யேலுமோ? கண்ணால கண்ட ஆள் வந்து சொல்லட்டும்."

நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் எஞ்சினியராக இருந்தவன். அளந்து பார்க்காமல் எதையும் சொல்லமாட்டேன் என்று அண்ணருக்கு என்மேல் ஒரு மதிப்பு. நானும் மனைவியும் ஜேர்மனியில் மகளிடம் போகப் புறப்பட்டபோது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்கள் ஒராளாவது பாத்திட்டு வாங்கோ. கடைசியில என்ன நடக்குது எண்டு மட்டும் சொல்லுங்கோ."

போனோம். பொய் சொல்லவில்லை, பிராக்குக்கே போனோம். மருமகன் ஐந்து மணித்தியாலம் கார் ஓடினார். மணிக்கூட்டுச் சதுக்கத்துக்கு இரண்டு தெரு இப்பால் காரை நிறுத்தியபோது பதினொரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. அப்போது மனைவி புளிச்சாதப் பொட்டலத்தைத் திறந்தாள். பசி எனக்கு. கத்தரிக்காய்ப் பொரியலும் பொரித்த மிளகாயும் வேறு. பதினொன்று அடித்தபோது நான் காரின் பின்பக்கத்தில் நின்று விரலை நக்கிக்கொண்டிருந்தேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது, மனைவிக்கு முழங்கால் வலி, திரும்பிவிட்டோம்.

வழியில் மருமகன் போனில் ஏதோ தேடி எடுத்து, "மாமா, இதுதான் அந்த மணிக்கூடு, பாருங்கோ" என்று நீட்டினார். பார்த்தேன். குதிரை வீரர்கள் இரண்டு பேர் மோதினார்கள், ஒருவர் சரிந்தார். போதும் என்று நினைத்தேன். அது மியூனிக் நகரத்து மணிக்கூடு என்பது பிறகுதான் தெரிந்தது.

வந்து அண்ணர் முன்னால் உட்கார்ந்து அதை அப்படியே சொன்னேன்.

"குதிரையோ?" அண்ணர் பேனையை எடுத்தார். "என்ன நிறம்?"

"ஒண்டு வெள்ளை."

"'என் கண்ணால் கண்டேன்' எண்டு எழுதட்டோ?"

"எழுதுங்கோ."

எழுதினார். கையெழுத்து வைத்தேன். தாள் இல்லாத இடத்தில் அதைப் பசை போட்டு ஒட்டினார். ஆறு மாதம் வெள்ளவத்தை முழுக்கக் குதிரை ஓடியது.

ஒருநாள் சைவக் கடையில் நாங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, பிராக்கிலேயே இரண்டு வருடம் படித்துவிட்டு வந்த ஓர் இளைஞர் பக்கத்து மேசையில் இருந்து அண்ணர் சொன்ன குதிரைக் கதையைக் கேட்டுவிட்டார்.

"குதிரை ஒண்டும் இல்லை, அங்கிள். கடைசியில ஒரு சேவல் கூவும். அவ்வளவுதான்."

"தம்பி, என்னட்டை நேர்ச்சாட்சி இருக்கு. கையெழுத்தோட. சாட்சி இந்தா, பக்கத்தில வடை சாப்பிடுறார்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வடையைப் பார்த்தேன்.

இளைஞர் போனை நீட்டினார். அண்ணர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நாப்பது வருசம் நான் பிழையா எழுதினதில்லை!" என்று மேசையில் தட்டினார். பின்னால் யாரோ குதிரை மாதிரிக் கனைத்தார்கள். கடை முழுக்கச் சிரிப்பு. அடுத்த நாளே அவர் குதிரை அண்ணர் ஆகிவிட்டார். திட்டம் எழுத வந்த சனமும் குறைந்தது. "அவர் கண்டதையும் எழுதி விடுவார்" என்றார்கள். மேசையில் அவர் தனியாக இருப்பதைப் பார்த்தும் பாராமல் நான் எதிர்ப்பக்க நடைபாதையால் போனேன். பதினொரு நாள் அப்படிப் போனேன்.

பன்னிரண்டாம் நாள் போய் எல்லாவற்றையும் சொன்னேன், புளிச்சாதம் உட்பட.

அண்ணர் கத்தவில்லை. ஒரு புதுத் தாளை எடுத்தார். "அப்ப கண்ணால ஒண்டும் காணேல்லை. காதால?"

"மணி கேட்டது."

"அதுக்குக் கிட்ட வேற என்ன?"

"ஒரு மாதிரி... தொண்டை கட்டின சேவல் மாதிரி ஒண்டு."

"அந்தப் பெடியன் சொன்னதால சொல்லுறியளோ?"

"இல்லை அண்ணை. அப்பவே மனிசிக்குச் சொன்னனான், 'இஞ்சையும் ஆரோ சேவல் வளக்கினம்' எண்டு."

பேனை நின்றது. அவருடைய முகம் மெல்ல மலர்ந்தது. "சத்தத்தைக் காதால கேட்டால் அது நேர்ச்சாட்சிதான், எஞ்சினியர்! ரெண்டு சாட்சி ஒத்துப்போகுது! சேவல்தான்!" பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினார். பிறகு எழும்பிக் குடையை எடுத்தார். "வாங்கோ, அந்தத் தம்பியிட்டை மன்னிப்புக் கேக்கவேணும்."

இளைஞர் இருந்தது ஐந்தாம் மாடியில். வாசலில் காவலாளி, "லிஃப்ட் எக கெடிலா, மாத்தயா" என்று கையை விரித்தார்; லிஃப்ட் பழுது. ஏறினோம். கேட்க வேண்டியவன் நான்தானே என்று ஒவ்வொரு மாடியிலும் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தேன். கதவு திறந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. அண்ணர் முந்திக்கொண்டார்.

"தம்பி, நீர் சொன்னதுதான் சரி. இவர் அண்டைக்கே சேவல் எண்டுதான் சொன்னவர். நான்தான் குதிரை எண்டு பிழையா எழுதிப்போட்டன்."

நான் வாயைத் திறந்தேன். அண்ணர் குடைக் காம்பால் என் காலில் தட்டினார். இளைஞர் சிரித்து, "பரவாயில்லை அங்கிள், வயசு போனால் அப்பிடித்தான்" என்றார். "ஓம், ஓம்" என்று அண்ணரும் தலையாட்டினார்.

இறங்கும்போது ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் என்னைவிட நான்கு வயது மூத்த மனிதர் ஒரு படி கீழே இறங்கி நின்று திரும்பினார்.

"படி ஈரமாக் கிடக்கு, எஞ்சினியர். என்ர தோளைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ."

பிடித்துக்கொண்டேன்.