அப்பா செய்த லிஃப்ட்

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்றும் கற்காமலேயே எட்டாம் வகுப்புக்குப் போய்விடுகிறார்கள் என்ற பேருண்மை, ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கல்வி அலுவலகத்துக்குத் தெரியவந்தது. அலுவலகம் பதறிப்போயிற்று. பதறினால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. சுற்றறிக்கை போடுவார்கள்.

சுற்றறிக்கை எழுதுவதில் துணை அதிகாரியை மிஞ்ச ஆளில்லை. வீட்டில்கூட, "மேற்படி சாப்பாட்டில் உப்பு குறைவாக உள்ளதெனத் தெரிவிக்கப்படுகிறது" என்று சொல்லக்கூடியவர். அதனால் அலுவலகத்தில் அவருக்கு ‘மேற்படியார்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான். மூன்றாம் மாடிக்கு அவர் படியேறித்தான் போவார். லிஃப்ட் இருந்தது. அதன் கதவில் ‘பழுது’ என்ற பலகையும் இருந்தது. பலகை நைந்து எழுத்து அழிந்துபோனபோது, அவர் பெருமுயற்சி எடுத்துப் புதுப் பலகை மாட்ட வைத்தார்.

மேற்படியார் எழுதினார்: ‘ஏழாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் முக்கியப் பாடப்பணியை முடித்தாக வேண்டும். முடிக்காதவர் தேர்ச்சி பெறார். சிபாரிசு, கண்ணீர் முதலியன கருத்தில் கொள்ளப்படா.’ ‘கண்ணீர்’ என்ற சொல்லில் அவருக்குத் தனிப் பெருமை. வேறு யாருக்கும் தோன்றியிருக்காது என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்குள் காலை வைத்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, ஸ்கூல்ல ஏதோ முக்கியப் பாடப்பணியாம். முடிக்கலைன்னா நம்ம பொண்ணு பெயிலாம். எந்தப் புண்ணியவான் போட்ட உத்தரவோ, கையில கெடைச்சான்னா இருக்கு அவனுக்கு!"

"மேலிடத்து உத்தரவா இருக்கும்" என்றார் மேற்படியார், சட்டையைக் கழற்றியபடி. தனக்கு மேலே ஒரு பெரிய அதிகாரி இருந்ததால் இதைப் பொய் என்று சொல்ல முடியாது.

பணி இதுதான்: கப்பியால் பாரம் தூக்கும் மாதிரி ஒன்று செய்ய வேண்டும். மகள் அதைச் செய்து முடித்திருந்தாள். ஒரு செருப்புப் பெட்டி, காலியான நூல்கட்டை ஒன்று, ஒரு கயிறு. பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பசை வழிந்து காய்ந்திருந்தது. ஆனால் கயிற்றை இழுத்தால் தீப்பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த ரப்பர் ஜம்மென்று மேலே போனது.

"இதையா கொண்டு போகப் போறே? துணை அதிகாரி வீட்டுப் பொண்ணு கொண்டு வர்றதா இது?"

"வேலை செய்யுதுப்பா."

"வேலை செஞ்சா போதுமா கண்ணு? பாக்க நல்லா இருக்க வேணாமா?"

அலுவலகத்தில் இத்தனை வருஷம் அவர் கற்றது அதுதான். மகளின் பெட்டியைப் பிரித்துப்போட்டார். லீவு போட்டார். அட்டை, வண்ணத்தாள், சின்ன பல்புகள் எல்லாம் வந்து இறங்கின. அடுக்கடுக்காக மாடிகள், மாடிக்கு மாடி ஜன்னல், வாசலில் பூந்தொட்டி, பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு. நடுவில் ஜரிகைத் தாள் ஒட்டிய லிஃப்ட். அது மட்டும் மேலே போகவில்லை. இழுத்தால் கயிறுதான் கையோடு வந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து நூல்கட்டையை உருட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பணியை ஒப்படைக்கும் நாளில் பள்ளி வாசல் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. அப்பாக்களும் அம்மாக்களும் மாதிரிகளைக் குழந்தையைப்போல ஏந்தி வந்தார்கள். குழந்தைகள் கைவீசிக்கொண்டு பின்னால் வந்தன. ஒரு பல் டாக்டர் பளிங்கில் செய்து வந்திருந்தார். ஒரு தச்சர் தேக்கில் இழைத்திருந்தார்.

டீச்சர் மேற்படியாரின் மகளிடம் கேட்டாள்: "லிஃப்ட் ஏன் மேல போகல?"

"அப்பா ஆபீஸ்ல இருக்கற மாதிரியே செஞ்சிருக்காங்க டீச்சர்."

"அப்போ நீ செய்யலையா?"

"நான் செஞ்சது மேல போச்சு. அதை அப்பா பிரிச்சுட்டாங்க."

டீச்சர் ‘முடிக்கவில்லை’ என்று எழுதினாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளையைப் பெற்றால் இதுதான் கதி. மற்ற பிள்ளைகளையும் துருவியபோது அத்தனை பேர் வாயிலிருந்தும் அப்பாவும் அம்மாவும்தான் வந்தார்கள்.

மகள் வீட்டுக்கு வந்து அழுதாள். சத்தம் போடாமல், முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். கண்ணீர் கருத்தில் கொள்ளப்படாது என்று எழுதிய மனிதருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. மறுநாள் விடிந்ததும் பள்ளிக்கு ஓடினார்.

"ஒரு சின்ன சலுகை..." என்று இழுத்தார்.

"சிபாரிசு கூடாதுன்னு உங்க சுற்றறிக்கையிலேயே இருக்கே சார்" என்றாள் டீச்சர் பணிவாக. "வேலைய முடிச்சது பெத்தவங்க. பிள்ளைங்க முடிக்கல. என்ன செய்யட்டும்னு ஆபீசுக்கே விளக்கம் கேட்டு எழுதியிருக்கோம்."

அந்தக் கடிதம் மேற்படியாரின் மேசைக்கே வந்து சேர்ந்தது. அவர் மனம் குளிர்ந்து எழுதினார்: ‘பெற்றோர் முடித்த பணியும் முடிந்த பணியே எனக் கொள்ளலாம்.’ மகள் கரையேறிவிட்டாள் என்று கோப்பைப் பெரிய அதிகாரிக்கு அனுப்பினார்.

பெரிய அதிகாரி எந்தக் கோப்பையும் படிக்கமாட்டார். ஆனால் தம் பங்குக்குப் பச்சை மையில் ஒரு வரி சேர்க்காமல் விடவும் மாட்டார். இதிலும் சேர்த்தார்: ‘முடித்தவர் மேல் வகுப்புக்குச் செல்க. முடிக்காதவர், அவர் யாராயினும், ஏழாம் வகுப்பிலேயே அமர்க.’

பச்சை மையை அழிக்க அந்த அலுவலகத்தில் சட்டமில்லை. உத்தரவு அப்படியே அமலுக்கு வந்தது. பெற்றோர் எட்டாம் வகுப்புக்குத் தேறினார்கள். பல் டாக்டர் கிளினிக்கைப் பூட்டிவிட்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். தச்சர் லீடர் ஆனார். அவர்களுக்கும் முக்கியப் பாடப்பணி கொடுத்தார்கள். அதை அவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போய், "கண்ணு, அப்பாவுக்கு நேரமே இல்லடா, இதக் கொஞ்சம் முடிச்சுக் குடு" என்று பிள்ளைகளிடம் நீட்டினார்கள். கல்வித்தரம் வீடு முழுக்கப் பரவிவிட்டதாக அலுவலகம் மகிழ்ந்தது.

மேற்படியார் மட்டும் தேறவில்லை. அவர் லிஃப்ட்தான் மேலே போகவில்லையே! முடிக்காதவர் யாராயினும் என்ற வரி அவரை ஏழாம் வகுப்பில் மகளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தது. முழங்கால் பெஞ்சில் இடித்தது.

மகள் புதிதாக ஒரு செருப்புப் பெட்டி கொண்டுவந்திருந்தாள். நூல்கட்டையைக் குச்சியில் கோத்து, கயிற்றைப் போட்டு இழுத்தாள். ரப்பர் மேலே போனது. அவள் முகமும் கூடவே மலர்ந்தது. மேற்படியார் கழுத்தை நீட்டினார்.

"கண்ணு, அந்தக் கட்டையை எப்படி மாட்டினே?"

மகள் பெட்டியைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"டீச்சர், அப்பா என்னுதப் பாத்து செய்யறாங்க!"

"சார், எந்திரிங்க. கடைசி பெஞ்சுக்குப் போங்க."

போனார். அங்கே ஏற்கெனவே ஒருவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். பெரிய அதிகாரி! பேத்தியின் பணியை முடிக்கச் சொல்லி அவர் டிரைவரிடம் கொடுத்திருந்தார். டிரைவர் முடித்துவிட்டு எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டார்.

மேற்படியார் பழக்கதோஷத்தில் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். பெரிய அதிகாரி அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, பையிலிருந்து பச்சை மைப் பேனாவை எடுத்துக்கொண்டு, காதோடு காதாகக் கேட்டார்:

"நீ செஞ்சுட்டியா? குடு, நான் கீழ கையெழுத்து மட்டும் போட்டுக்கறேன்."