வால்வு மூட அனுமதி

கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் போகும் வழியில் கொளஞ்சியப்பனின் ஐஸ் கம்பெனி இருக்கிறது. தண்ணீரை உறைய வைத்து, உடைத்து, படகுக்காரர்களுக்கு விற்பது அதன் தொழில். சிதம்பரத்தில் ஒரு கிளையும் உண்டு. இருபது வருஷமாக அந்தக் கம்பெனியில் ரகசியம் என்று ஒன்று இருந்ததில்லை. தண்ணீர் உறைவதில் என்ன ரகசியம் இருக்க முடியும் என்று எல்லோரும் அசட்டையாக இருந்துவிட்டார்கள்.

அந்தக் குறையைப் போக்கியவர் மேனேஜர் தட்சிணாமூர்த்தி. முதலாளியின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. சிதம்பரத்தில் ஓர் ஓட்டலில் நடந்த அரை நாள் கருத்தரங்குக்குப் போய் ஒரு பையும், ஒரு பேனாவும், ஒரு கொள்கையும் வாங்கி வந்தார். ஃபைல்கள் எல்லாம் கிளவுடில் இருக்க வேண்டும். எவருக்கு எது அவசியமோ, அதைப் பார்க்க மட்டுமே அவருக்கு அனுமதி.

“கிளவுடுன்னா எங்க மச்சான் இருக்கும்?” என்று கேட்டார் கொளஞ்சியப்பன்.

“எங்கயும் இருக்கும் மாமா.”

“அப்ப யாரு வேணாலும் பாக்கலாமா?”

“யாருமே பாக்க முடியாது. அதான் அதோட அழகு.”

கொளஞ்சியப்பனுக்குப் பெருமையாக இருந்தது. யாருமே பார்க்க முடியாத சொத்து அந்தத் தெருவில் வேறு எவருக்கும் இல்லை.

ஒரே வாரத்தில் பீரோ காலியானது. ஆபீஸ் வேலை பார்க்கும் ஜான்சி எல்லாக் காகிதத்தையும் ஸ்கேன் செய்து ஏற்றினாள். ஏற்றி முடித்த அன்று சாயங்காலமே அவளுடைய அனுமதி நீக்கப்பட்டது. ஏற்றும் அவசியம் தீர்ந்துவிட்டதல்லவா? முதலாளிக்குப் ‘பார்வையாளர்’ என்ற தகுதி வழங்கப்பட்டது, ஐஸ் விலைப் பட்டியலுக்கு மட்டும்.

மெஷின் ரூம் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘அமோனியா கசிந்தால் செய்ய வேண்டியவை’ என்று மெக்கானிக் காத்தவராயன் தன் கையால் எழுதிய பன்னிரண்டு வரிகள். ஐஸ் பிளான்ட்டுக்குக் குளிர்ச்சி தருவது அமோனியாதான். கசிந்தால் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். ஜாஸ்தியானால் ஆளையே கொண்டுபோய்விடும். அந்தத் தாளையும் கிழித்து மேலே ஏற்றினார்கள்.

காத்தவராயன் மேனேஜரிடம் போனார்.

“சார், அந்தக் காயிதத்த நான் பாக்கணும்னா என்னா பண்றது?”

“நீங்கதான எழுதுனீங்க?”

“ஆமா.”

“அப்ப உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சவருக்குப் பாக்க வேண்டிய அவசியம் கெடையாது.”

“சரி, லோடுமேனுங்களுக்கு?”

“அவுங்களுக்கு மெஷினப் பத்தித் தெரியாது. தெரியாத விஷயத்துல அவுங்களுக்கு என்ன வேல?”

காத்தவராயன் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தார். பதில் சரியாகத்தான் இருந்தது. எங்கே தப்பு என்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காத்தவராயன் சிதம்பரம் கிளையில் கம்ப்ரசர் பார்க்கப் போயிருந்தார். மேனேஜர் திருவதிகையில் ஒரு கல்யாணத்தில். காலை பதினோரு மணிக்கு மெஷின் ரூமில் புஸ்ஸென்று சத்தம் கேட்டது. உள்ளே எட்டிப் பார்த்த லோடுமேன் இளவரசு கண்ணைப் பொத்திக்கொண்டு சுருண்டு விழ, மற்றவர்கள் அவனை வெளியே இழுத்து வந்தார்கள்.

ஜான்சி சுவரைப் பார்த்தாள். பசை காய்ந்த நாலு மூலைதான் இருந்தது. போனை எடுத்து, ஃபைலுக்கு அனுமதி கேட்டு மேனேஜருக்கு அனுப்பினாள். புதிய முறையின் வேகத்தைக் குறை சொல்ல முடியாது. ஒரே நிமிஷத்தில் பதில் வந்தது.

‘காரணத்தைக் குறிப்பிடவும்.’

‘கேஸ் லீக் சார்’ என்று அனுப்பினாள்.

‘எத்தனை நாட்களுக்கு அனுமதி தேவை?’

அவள் காத்தவராயனைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, கேஸ் அடிக்குது. கண்ணத் தொறக்க முடியல.”

“ஆளுங்கள காத்து வர்ற பக்கமாப் போவச் சொல்லு. வெளிய இருக்குற மெயின் சுவிச்ச எறக்கு. கதவாண்ட மாஸ்க் தொங்குது பாரு, அத மாட்டிக்க. ரிசீவர் டேங்குக்குக் கீழ செவப்புச் சக்கரம் ஒண்ணு இருக்கும்.”

“எந்தப் பக்கம் திருப்பணும்?”

“சோத்துக் கை பக்கம். இறுகுற வரைக்கும் வுடாத. பயப்படாதம்மா, நான் லைன்லயே இருக்கேன்.”

ஜான்சி உள்ளே போனாள். சக்கரம் முதலில் அசையவில்லை. முழங்காலை டேங்கில் முட்டுக்கொடுத்து இரண்டு கையாலும் இழுத்தாள். மெல்ல நகர்ந்தது. சத்தம் அடங்கியது. வெளியே வந்து மாஸ்க்கைக் கழற்றி, மண்ணில் உட்கார்ந்து அழுதாள். இளவரசு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்தான்.

நிர்வாகம் இதைச் சும்மா விடவில்லை. ரகசியத் தகவலை அனுமதி பெறாத நபருக்கு வாய்வழியாகப் பகிர்ந்தமைக்காகக் காத்தவராயனுக்கு ஒரு மெமோ. கோரிக்கை நிலுவையில் இருக்கும்போதே வால்வை மூடியமைக்காக ஜான்சிக்கு ஒரு மெமோ. இரண்டும் கிளவுடில் ஏற்றப்பட்டன. படிக்க இருவருக்கும் அனுமதி இல்லை.

விபத்தை ஆய்வு செய்யத் தொழிற்சாலைத் துறை அதிகாரி சபாபதி வந்தார்.

“அவசர நடைமுறை எழுதி வச்சிருக்கீங்களா?”

“இருக்குங்க சார், கிளவுடுல.”

“காட்டுங்க.”

“மன்னிக்கணும் சார்,” என்றார் தட்சிணாமூர்த்தி. “உங்களுக்கு அனுமதி இல்ல.”

கொளஞ்சியப்பனுக்கு வேர்த்துவிட்டது. ஆனால் அதிகாரி கோபப்படவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, “எங்க ஆபீஸ்ல பியூன் வரைக்கும் எல்லா ஃபைலையும் படிச்சுடுறான்,” என்று பெருமூச்சு விட்டார். பிறகு தம் அறிக்கையில், ‘குறை எதுவும் காணப்படவில்லை’ என்று எழுதினார். அது உண்மைதான். அவர் எதையுமே காணவில்லை. அந்த அறிக்கை பரவி, பக்கத்து ஐஸ் கம்பெனிகளிலும் சுவரில் ஒட்டியிருந்த தாள்கள் கிழிக்கப்பட்டன.

லோடுமேன்களுக்குத்தான் பொறுக்கவில்லை. இளவரசு கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்கு வந்த அன்று எல்லோரும் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். நியாயம் கிடைக்கிற வரைக்கும் ஒரு ஐஸ் கட்டியும் தூக்க மாட்டோம் என்றார்கள். படகுகள் காத்திருந்தன. மத்தியானத்துக்குள் கொளஞ்சியப்பன் இறங்கிவந்தார். அன்றிலிருந்து அந்த ஃபைலுக்குக் காத்தவராயனே முழு அதிகாரி. திருத்தலாம், யாருக்கு வேண்டுமானாலும் அனுமதி கொடுக்கலாம்.

கேட்டருகே கைதட்டல் கேட்டது. நம்ம ஆளு ஜெயிச்சுட்டார் என்று லோடுமேன்கள் அவருக்குத் துண்டு போர்த்தினார்கள். மெமோவை ரத்து செய்து அவருக்கு ஒரு மேஜையும் போட்டார்கள், ஜான்சியின் மேஜைக்குப் பக்கத்திலேயே.

மறுநாள் காலையில் ஜான்சி அவரிடம் போய் நின்றாள்.

“அண்ணே, அந்த ஃபைல எனக்கும் லோடுமேனுங்களுக்கும் தொறந்து வுடுங்கண்ணே. திரும்ப லீக் ஆனா என்ன பண்றது?”

காத்தவராயன் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். போன் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“ஒரு மனு எழுதி வச்சுட்டுப் போம்மா,” என்றார். “திங்கக்கெழம வந்து பாரு.”