நுண்ணுயிர்த் துறைக்கு ஒரு பேராசிரியை

ஏழுகுளம் என்றொரு நாடு. அங்கே மழைகூட மனுக் கொடுத்து, முத்திரை வாங்கிய பிறகே பெய்யும்.

அந்த நாட்டில் இளங்கலைக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அங்கே ஆராய்ச்சி கூடாது. பாடம் நடத்தினால் போதும். முதலாண்டில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் மூன்றாமாண்டுவரை வருவதில்லை. விடுதிக்கு அரச குளத்துத் தண்ணீர். வாந்தி, பேதி, பிறகு விடுமுறை விண்ணப்பம், பிறகு அதுவும் இல்லை. குளத்தைத் தூர்வாருவதைவிட விளம்பரம் கொடுப்பது எளிது என்பதால், நுண்ணுயிரியல் பேராசிரியர் தேவை என்று அரசு அறிவித்தது.

செண்பகவல்லி விண்ணப்பித்தாள். அவள் கணவர் மாசிலாமணி அந்தத் தண்ணீரைக் குடித்து மூன்றே நாளில் போய்ச் சேர்ந்தவர். கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று நூறு பிள்ளைகளுக்காவது சொல்லிவிட வேண்டும். அவளுக்கு வேறு ஆசை இல்லை.

நேர்முகத் தேர்வில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். ஒரு சொட்டுக் குளத்து நீரை நுண்ணோக்கியில் வைத்தாள். துணைவேந்தர் தமக்குக் கண்ணில் புரை என்று ஒதுங்கிக்கொண்டார். அமைச்சர் ஏகாம்பரநாதர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

“ஏம்மா, இதெல்லாம் உசுரா?”

“உசுருதாங்க ஐயா. இந்தச் சொட்டுல மட்டும் லட்சக்கணக்குல இருக்கு.”

“ரோடு, ரேஷன்னு எதாச்சும் கேக்குமா?”

“கேக்காதுங்க.”

“வயசு பதினெட்டு ஆயிருச்சா?”

“இருபது நிமிசத்துக்கு ஒரு தலைமுறைங்க ஐயா.”

“அப்போ எல்லாரும் மூத்த குடிமக்கள்” என்றார் அமைச்சர். அவர் கண் கலங்கியிருந்தது. நியமன ஆணையை அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

ஒரு மாதத்தில் நுண்ணுயிர்கள் அனைத்தும் வாக்காளர் பட்டியலில் சேர்ந்தன. கணக்கெடுக்கும் பொறுப்பு செண்பகவல்லியின் மாணவர்களுக்கு. அடுத்து, தண்ணீரைக் கொதிக்க வைப்பது வாக்காளர் படுகொலை என்று சட்டம் வந்தது. அடுப்படிதோறும் ஒரு காவலர் வந்து உட்கார்ந்து, வந்ததற்குக் காப்பியும் கேட்டார். காப்பி போட முடியாது என்பது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. பிறகு சோப்பு ஆயுதச் சட்டத்தில் சேர்ந்தது, குளித்தவர்கள் தலைமறைவானார்கள். விடுதியில் வருகைப் பதிவேடு மெலிந்துகொண்டே போனது. கற்பிக்க வந்த ஒரே பாடம் குற்றமாகிவிட்டதே என்று அவள் வேலையை விட நினைத்தாள். ஆனால் விட்டால் அந்த நாற்காலியில் துணைவேந்தரின் மைத்துனர் உட்காருவார். அவர் படித்தது ஜோதிடம்.

ஏழுகுளத்தில் மன்னரும் தேர்தலில் நின்றுதான் அரியணை ஏற வேண்டும். இந்த முறையும் மன்னரே வென்றார். எதிர்த்து நின்றவருக்கு மனிதர்களின் வாக்கு மட்டுமே கிடைத்தது.

பதவியேற்பு நாளில் செண்பகவல்லியை மேடைக்கு அழைத்தார்கள். பெரும்பான்மை மக்களின் விருப்பம் என்னவென்று மன்னர் கேட்டார். நுண்ணுயிர்களுக்கென்று இருந்த பேராசிரியை நாட்டிலேயே அவள் ஒருத்திதான்.

“தங்களோட ஒண்ணாக் கலக்கணும்னு ஆசைப்படறாங்க மன்னா. குளத்துத் தண்ணி ஒரு டம்ளர், அப்படியே குடிச்சிட்டுப் பதவி ஏத்துக்கணுமாம்.”

கூட்டம் கைதட்டியது. டம்ளர் வந்தது. மன்னர் அதற்குள் எட்டிப் பார்த்தார். பிறகு சமையற்காரரைப் பக்கத்தில் அழைத்து, “லேசா ஒரு கொதி விட்டுக் கொண்டாப்பா” என்றார்.

அந்த மேடையில் மன்னர் வாயிலிருந்து வருவதெல்லாம் சட்டம். பக்கத்தில் நின்ற அறிவிப்பாளர் காதில் விழுந்ததை அப்படியே உரக்கக் கூவுவது வழக்கம். கூவினார். மாலைக்குள் நாடு முழுக்க அடுப்பு எரிந்தது. விடுதியில் செண்பகவல்லியே நின்று அண்டாவைக் கொதிக்க வைத்தாள். பிள்ளைகள் அந்த அண்டாவைச் சுற்றி ஆடினார்கள்.

மறுநாள் தேர்தல் அதிகாரி பதறிக்கொண்டு வந்தார். ஒரே நாளில் கோடானுகோடி வாக்காளர்கள் இறந்துவிட்டார்கள், பெயர்களை நீக்க வேண்டுமே என்றார்.

“செத்தவங்க பேரை நாம எப்பய்யா எடுத்திருக்கோம்?” என்று கேட்ட அமைச்சர், நம்பாதவருக்குச் சான்றாக, யார் யாருக்கு வாக்களித்தார் என்ற குறிப்போடிருந்த மனிதர்களின் பட்டியலை விரித்துப் போட்டார். செண்பகவல்லியும் எட்டிப் பார்த்தாள்.

மாசிலாமணி இந்த முறை மன்னருக்கு வாக்களித்திருந்தார். உயிரோடிருந்த காலத்தில் அவர் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.