நான் கூப்பிட்டேன், நீங்கதான் எடுக்கல

போனைத் திரும்பக் கூப்பிடாதவர்களைத் திட்டுவதற்காக நான் இங்கே வரவில்லை. பாவம், அவர்கள் கற்றுக்குட்டிகள். 'இதோ கூப்பிடுறேன்' என்று சொல்லிவிட்டு மறந்துபோகிறவர்கள், வருஷம் முழுக்க மீட்டிங்கிலேயே குடியிருக்கிறவர்கள், கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு 'வண்டி ஓட்டிட்டிருக்கேன்' என்கிறவர்கள், இவர்களை ஏசுவதற்கு ஊரில் ஆள் பஞ்சமில்லை. நான் சொல்ல வந்த இனமே வேறு. இவர் திரும்பக் கூப்பிடுவார். தவறாமல் கூப்பிடுவார். நீங்கள் எடுக்கவே முடியாத நேரமாகப் பார்த்துக் கூப்பிடுவார். இவருக்கு ஒற்றை மணிக்காரர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

ஒற்றை மணிக்காரர் இல்லாத அலுவலகம் கிடையாது. மேஜை சுத்தமாக இருக்கும். பேச்சு அதைவிடச் சுத்தமாக இருக்கும். காலையிலிருந்து நீங்கள் போட்ட போன் எதையும் அவர் எடுத்திருக்கமாட்டார். ஆனால் நீங்கள் தலைக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை இறுக மூடியிருக்கும்போதோ, பல் டாக்டர் உங்கள் வாய்க்குள் இரண்டு கையையும் விட்டிருக்கும்போதோ, இரண்டு தோளிலும் பையும் இடுப்பில் குழந்தையுமாக நீங்கள் பஸ் ஏறும்போதோ, உங்கள் போன் ஒரே ஒரு தடவை மணியடித்து ஓயும். அடித்துப் பிடித்து எடுத்துப் பார்த்தால் அவர் நம்பர். உடனே கூப்பிட்டால் எடுப்பாரா? ஏன் எடுக்கவேண்டும்? அவர் கடமைதான் முடிந்துவிட்டதே. மறுநாள் நேரில் பிடித்துக் கேளுங்கள், அவர் முகத்தில் மெல்லிய வருத்தம் ஒன்று படரும். அந்த வருத்தம் உங்களைப் பற்றியது.

"நான் கூப்பிட்டேனே. நீங்கதான் எடுக்கல."

இதைக் கேட்டதும் நாம் என்ன செய்கிறோம்? சண்டை போடப் போனவர்கள், "ஐயோ சாரி சார், அந்த நேரம் பார்த்து..." என்று இழுத்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறோம். அவரும் பெருந்தன்மையாக மன்னித்துவிடுகிறார்.

இவரைச் சோம்பேறி என்று நினைத்தால் உங்களைப்போல் ஏமாளி யாரும் இல்லை. இந்த வேலைக்கு எவ்வளவு பாடுபடவேண்டும் தெரியுமா? யார் எப்போது சாப்பிடுவார், யார் எப்போது பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரப் போவார், யாருடைய போன் மதியத்துக்கு மேல் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடக்கும், எல்லாம் அவர் விரல் நுனியில் இருக்கவேண்டும். பதில் சொல்வதற்கு இதில் கால்வாசி உழைப்புப் போதும். ஆனால் பதிலில் ஆபத்து இருக்கிறது. ஆகும் என்றால் செய்தாகவேண்டும். ஆகாது என்றால் கெட்ட பெயர். கூப்பிட்டேன் என்றால்? பாம்பும் சாகணும், தடியும் முறியக்கூடாது என்பார்களே, இவரிடம் பாம்பு சாவதே இல்லை. தடியை மட்டும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறார்.

இவரை அடையாளம் காண ஒரு வழி உண்டு. பேச்சை முடிக்கும்போது மிகவும் அன்பாக ஒரு கேள்வி கேட்பார்: "உங்களுக்கு எப்ப கூப்பிட்டா வசதி?" ஆகா, எவ்வளவு மரியாதை தெரிந்த மனிதர் என்று உருகிவிடாதீர்கள். உங்களுக்கு எந்தெந்த நேரம் வசதிப்படாது என்று அவர் வேவு பார்க்கிறார்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் கட்டடத்து லிஃப்ட் நின்றுபோனதில் தெரியும். நான் இருப்பது இரண்டாம் மாடி. முழங்கால் முனகினாலும் ஏறிவிடுவேன். ஐந்தாம் மாடியில் ஒரு டீச்சரும் அவருடைய அப்பாவும் இருக்கிறார்கள். அப்பா ஓய்வுபெறும்வரை இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். இடுப்பெலும்பு உடைந்து கம்பி வைத்த பிறகு வீட்டுக்குள் தடியூன்றி நடப்பார், படி இறங்க முடியாது. போதாக்குறைக்குக் கண்ணில் அழுத்தம் ஏறிவிட்டது. சீக்கிரம் ஆபரேஷன் செய்யவேண்டும், தள்ளிப்போட்டால் போகிற பார்வை போனதுதான், திரும்பாது என்று சொல்லி டாக்டர் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார். சில நாள் முன்னால் நின்றுபோன லிஃப்ட் அன்றைக்கும் ஓடவில்லை. பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கினோம். மூன்றாம் மாடித் திருப்பத்தில் நாற்காலி ஒரு பக்கமாகச் சாய, அவர் கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு, "விட்டுருங்கப்பா, கண்ணு போனா போகட்டும், உசிராவது மிஞ்சட்டும்" என்று அலறிவிட்டார். மறுபடி மேலே கொண்டுபோய் விட்டோம். டீச்சர் டாக்டரைக் கெஞ்சி அடுத்த வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு தேதி வாங்கினார். அதற்குள் லிஃப்ட் ஓடவேண்டும்.

லிஃப்ட்டில் ஒரு பாகம் எரிந்துபோயிருந்தது, புதுசு வரவேண்டும். வந்துவிட்டதா, இல்லையா? தெரியவேண்டியது அவ்வளவுதான். அதைச் சொல்லவேண்டியவர் லிஃப்ட் கம்பெனியின் சர்வீஸ் பொறுப்பாளர். நம்முடைய ஒற்றை மணிக்காரர்.

லிஃப்ட் நின்ற முதல்நாளே அவர் டீச்சரிடம் எப்போது கூப்பிட்டால் வசதி என்று அக்கறையாக விசாரித்திருந்தார். வகுப்பு நடக்கும்போது போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், இடைவேளையில் கூப்பிட்டால் நல்லது என்று டீச்சரும் வெள்ளந்தியாக ஒப்பித்துவிட்டார். அதன் பிறகு தினமும் ஒரு போன் வந்தது. தினமும் வகுப்பு நடுவில் வந்தது. பீரோவுக்குள் ஒரு மணி அடித்து ஓய்ந்தது.

பொறுத்துப் பார்த்த டீச்சர் திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு நேரே கம்பெனிக்குக் கிளம்பினார். துணைக்கு நான். ஒற்றை மணிக்காரர் எழுந்து நின்று வரவேற்றார், மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவைத்தார். மேனேஜர் வந்து என்னவென்று கேட்டபோது, ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசாமல் தன் போனைத் திறந்து அவர் முன்னால் நீட்டினார். வரிசையாக டீச்சர் நம்பர். ஒருநாள்கூட விட்டுப்போகவில்லை.

"நானும் தினம் கூப்பிடுறேன் சார். மேடம்தான் எடுக்கல."

மேனேஜர் டீச்சர் பக்கம் திரும்பினார். "நீங்க எடுக்கலைன்னா அவர் என்ன மேடம் பண்ணுவார்?"

டீச்சர் ஒற்றை மணிக்காரர் பக்கம் திரும்பினார். "அதெல்லாம் இருக்கட்டும் சார். பார்ட் வந்துடுச்சா? அதை மட்டும் சொல்லுங்க."

"ஸ்டோர் ஆள் வெளிய போயிருக்கார் மேடம். வந்ததும் கேட்டுட்டுக் கூப்பிடுறேன்." கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். "உங்களுக்கு எப்ப கூப்பிட்டா வசதி?"

டீச்சர் மிகவும் சாதுவாகச் சொன்னார்: "எனக்கு வேண்டாம் சார். அப்பா நம்பர் தர்றேன், அவருக்குக் கூப்பிடுங்க. ஆனா மத்தியானம் ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் மட்டும் வேண்டாம். நல்லாத் தூங்குவார். போனை எடுக்கவே மாட்டார்."

ஒற்றை மணிக்காரர் அதை எவ்வளவு கவனமாகக் குறித்துக்கொண்டார் என்கிறீர்கள்!

வாசலுக்கு வந்ததும் நான் கேட்டேன். "ஏம்மா, உங்க அப்பா மத்தியானத்துல கண்ணே மூடமாட்டாரே?"

"தெரியும்ணா. என் கிளாஸ்ல ஒருத்தன் இருக்கான். நான் லீவு போட்ட அன்னைக்குத்தான் ஹோம்வொர்க் கொண்டு வந்து மேஜைல வைப்பான். கேட்டா, 'நான் வச்சேன் மிஸ், நீங்கதான் வரல'ம்பான். ஒருநாள் லீவுன்னு சொல்லிட்டுக் கிளாஸ்ல போய் உக்காந்துட்டேன். அவன் முழிச்ச முழி இருக்கே!"

செவ்வாய்க்கிழமை மதியம் நான் ஐந்தாம் மாடிக்கு ஏறிப் போய் உட்கார்ந்துவிட்டேன். இப்படி ஒரு காட்சியை யார் விடுவார்கள்? பெரியவர் சட்டை மாற்றி, தலை சீவி, போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இரண்டு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் போன் முதல் மணியை ஆரம்பித்தது. அதை முடிக்க அவர் விடவில்லை.

"வணக்கம் சார்! சொல்லுங்க!"

ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பினால் வெட்டினவன் இப்படித்தான் நின்றிருப்பான். கடைசியில் மெதுவாக ஒரு குரல் வந்தது.

"சார்... நீங்க தூங்கலையா?"

"எங்க சார் தூக்கம் வருது? உங்க போனுக்காகத்தான் முழிச்சிட்டிருக்கேன். பார்ட் வந்துடுச்சா சார்?"

"அது வந்து... ஸ்டோர்ல கேக்கணும் சார். கேட்டுட்டு உங்களைக் கூப்பிடுறேன்."

"எதுக்கு சார் மறுபடி உங்களுக்குச் சிரமம்? கேட்டுட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."

"கொஞ்சம் நேரம் ஆகும் சார்."

"ஆகட்டும் சார். அஞ்சாவது மாடியில எனக்கு வேற என்ன வேலை?"

"சிக்னல் வேற விட்டு விட்டு..."

"எனக்கு நல்லாக் கேக்குது சார். கண்ணுதான் போயிட்டிருக்கு, காதுக்கு ஒண்ணும் ஆகல."

போனைத் துண்டித்துவிடுவதுதானே என்பீர்கள். அதுதான் அவரால் முடியாது. ஒற்றை மணிக்காரர் எதை வேண்டுமானாலும் தாங்குவார், தப்பு தன் பக்கம் இருப்பதை மட்டும் தாங்கமாட்டார். பேசிக்கொண்டிருக்கும்போது வைத்துவிட்டார் என்று நாளைக்கு யாராவது சொல்லிவிட்டால்? எதிரில் இருப்பவரோ, வாழ்நாள் முழுக்க 'அப்புறம் பாக்கலாம்' என்றவர்களின் வாசலில் உட்கார்ந்தே பாலிசி பிடித்த மனிதர். கொடாக்கண்டனுக்கு ஏற்ற விடாக்கண்டன். நாற்காலி நகர்ந்தது. கதவு திறந்தது. அவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டே நடக்கிற செருப்புச் சத்தம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. பிறகு அவர் யாரிடமோ கேட்டார்.

"ஏம்ப்பா, அந்த அஞ்சு மாடிக் கட்டடத்துப் பார்ட் வந்துடுச்சா?"

"அது போன வாரம் புதன்கிழமையே வந்துடுச்சே சார். ஆளை அனுப்பவான்னு கேக்க உங்களுக்கு ரெண்டு தடவை போன் பண்ணேன். நீங்கதான் திரும்பக் கூப்பிடுறேன்னீங்க."

எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது. நாங்கள் பெரியவரை நாற்காலியில் தூக்கிப் போய் மூன்றாம் மாடியில் தடுமாறிய அன்று, அந்தப் பாகம் அங்கே பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. ஒரு வார்த்தை. ஒரே ஒரு 'அனுப்பு'. அதைச் சொல்ல இந்த மனிதருக்கு வாய் வரவில்லை. போனைப் பிடுங்கி நாலு கேள்வி கேட்கலாம் என்று கை நீட்டினேன். பெரியவர் என் கையைத் தட்டிவிட்டார். காரியம் முடிகிற நேரத்தில் கோபப்படுகிறவன் ஏஜெண்ட் ஆக முடியாதாம்.

"ரொம்ப நல்லது சார். அப்ப நாளைக்குக் காலையில ஆள் வந்துடுவாரா?"

"வந்துடுவார் சார்."

"அவர் பக்கத்துல இருக்காரா? இப்பவே சொல்லிடுங்க சார், நானும் கேட்டுக்கறேன்."

சொன்னார். நாங்களும் கேட்டுக்கொண்டோம்.

"சந்தோஷம் சார். ஆபரேஷன் முடிஞ்சதும் நானே உங்களுக்கு போன் பண்ணிச் சொல்றேன். உங்களுக்கு எப்ப கூப்பிட்டா வசதி?"

புதன்கிழமை ஆள் வந்து வேலையைத் தொடங்கினார், வியாழக்கிழமை லிஃப்ட் ஓடியது. வெள்ளிக்கிழமை பெரியவர் அதில் நின்றுகொண்டு, கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கினார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் இடது கண்ணில் ஓரமாக ஒரு பக்கம் இருட்டு தங்கிவிட்டது. அது அந்த ஒரு வாரத்தில் வந்ததா, முன்பே இருந்ததா என்று டீச்சர் கேட்டாராம். அதை யாராலும் சொல்ல முடியாதும்மா, ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் நல்லது என்று மட்டும் டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போது டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் சிரிப்பெல்லாம் அன்றோடு போய்விட்டது.

ஒற்றை மணிக்காரர் திருந்தினாரா என்றுதானே கேட்கிறீர்கள்? லிஃப்ட் மெக்கானிக் போன வாரம் எண்ணெய் போட வந்தபோது சொன்னார். எங்கள் கட்டடத்து விஷயத்தைத்தான் இப்போது அவர் அலுவலகத்தில் உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்: "பெரியவர் தூங்குற நேரம்னு தெரிஞ்சும் விடாம நானே கூப்பிட்டு முடிச்சுக் குடுத்தேன்." மேனேஜர் கைகொடுத்துப் பாராட்டினாராம். ஒரே ஒரு மாற்றம்தான். புதிதாக வருகிறவர்களிடம் வசதியான நேரத்தைக் கேட்ட பிறகு கூடவே இன்னொன்றும் கேட்கிறாராம்: "மத்தியானம் நிஜமாவே தூங்குவீங்களா?"

அவரை நீங்கள் நன்றாகத் திட்டிக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் போன் ஒருமுறை அதிர்ந்தது. யாரென்று பார்த்தீர்கள். கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி படிக்க வந்துவிட்டீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, வேலை இருக்கும். இதை முடித்ததும் திரும்பக் கூப்பிடுவீர்கள், அதுவும் தெரியும். நீங்கள் மரியாதை தெரிந்தவர். இதோ, போனைக் கையில் எடுத்தும்விட்டீர்கள். எல்லாம் சரி, கூப்பிடுவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பார்க்கிறீர்களே, அது எதற்கு?